திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு போன் போடும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

சென்னை_சேல்ஸ் (கேள்வி)

வணக்கம். உற்பத்திக் கணக்கை டேப்லெட்டில் பதிவு செய்யும் சாப்ட்வேர் விற்கிறேன். இதுவரை வாகன உதிரிபாகக் கம்பெனிகளுக்குத்தான் விற்றேன். இப்போது தையல் லைனுக்கென்று தனியாக ஒன்று வந்திருக்கிறது, எனக்குத் திருப்பூர் ஏரியா கொடுத்திருக்கிறார்கள். கையில் 40 கம்பெனிகளின் பெயர், போன் நம்பர், ஜிஎஸ்டி எண் இருக்கிறது. வேறு விவரம் எதுவும் இல்லை.

முதல் ஆறு போனிலும் அரை நிமிடத்துக்குள் "நமக்கு அது செட் ஆகாதுங்க" என்று வைத்துவிட்டார்கள். கார்மெண்ட்ஸ், நிட்டிங், எக்ஸ்போர்ட்ஸ், டெக்ஸ் என்று பெயர்கள் இருக்கின்றன, யார் என்ன செய்கிறார்கள் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. மீதி 34 பேரை இரண்டு வாரத்தில் கூப்பிட வேண்டும். முதலில் எதைப் படிக்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், ஒரு கம்பெனிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேட்லாக்

தம்பி, "டெக்ஸ்டைல் துறை" என்று மொத்தமாகப் படிக்க உட்கார்ந்தால் இரண்டு வாரமும் அதிலேயே போய்விடும். திருப்பூரில் ஒரு டீ-ஷர்ட் எத்தனை கை மாறுகிறது என்பதை மட்டும் முதலில் புரிந்துகொள்ளுங்க. அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எக்ஸ்போர்ட்டர் மில்லில் நூல் வாங்குகிறார். 30ஸ், 34ஸ், 40ஸ் என்று கவுண்ட் சொல்வார்கள், எண் கூடக்கூட நூல் மெலிது. அந்த நூல் நிட்டிங் யூனிட்டுக்குப் போய்த் துணியாகிறது. அங்கிருந்து சாயப்பட்டறை, பிறகு காம்பாக்டிங், அதாவது துணி பின்னால் சுருங்காதபடி அழுத்திச் சீர்செய்வது. அதன்பின்தான் கட்டிங், தையல், பிசிறு வெட்டுவது, செக்கிங், அயர்ன், பேக்கிங். நடுவில் பிரிண்டிங்கோ எம்ப்ராய்டரியோ இருந்தால் வெட்டிய பீஸ் வெளியே போய்த் திரும்பி வரும். பெரிய கம்பெனிகள் சில இதில் பலவற்றை ஒரே குழுமத்துக்குள் வைத்திருக்கும். மற்றவர்களுக்கு ஒவ்வொரு கட்டமும் வெளியே ஜாப் ஒர்க்.

ஜாப் ஒர்க் செய்பவருக்குத் துணி சொந்தமில்லை. அவருடைய வருமானம் கிலோவுக்கு இவ்வளவு, பீஸுக்கு இவ்வளவு என்ற கூலிதான். நிட்டிங் யூனிட்டில் தையல் மிஷினே கிடையாது, அவரிடம் போய் "உங்க தையல் லைன்..." என்று ஆரம்பித்தால் போனை வைக்காமல் என்ன செய்வார்? உங்கள் ஆறு போனில் இரண்டு மூன்றாவது இப்படித்தான் போயிருக்கும்.

தையல் இருக்கிற இடங்களிலும் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் வலி வேறு வேறு.

எக்ஸ்போர்ட் யூனிட்டுக்குத் தேதிதான் உயிர். ஷிப்மெண்ட் தேதி தவறினால் பையர் டிஸ்கவுண்ட் கேட்பார், இல்லாவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்பச் சொல்வார். விமானச் செலவு ஏற்றுமதியாளர் தலையில். கப்பலுக்குப் போட்ட கணக்கில் வந்த லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

உள்நாட்டு உள்ளாடைக் கம்பெனிக்குச் சைஸ் வாரி ஸ்டாக்கும் கடைக்காரர்களிடம் நிற்கும் பாக்கியும்தான் கவலை. 85 சைஸ் குவிந்து கிடக்கும், ஓடுகிற 90 சைஸ் இருக்காது.

மூன்றாவது பவர் டேபிள். வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கிற யூனிட். அவருக்கு டஜன் கூலியும், வருகிற திங்கட்கிழமை எத்தனை டைலர் வருவார்கள் என்பதும்தான் கேள்வி.

போன் போடுவதற்கு முன் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் இந்த மூன்றில் எது என்று எழுத முடியவில்லை என்றால் அந்தப் பெயரை அன்றைக்கு ஒதுக்கி வைத்துவிடுங்க.

கணக்குவழக்கு

மேலே பேட்லாக் சொன்ன மூன்று வகையையும் கையில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை வைத்தே பெரும்பாலும் பிரித்துவிடலாம். கம்பெனிக்கு இருபது நிமிடம் போதும்.

முதலில் எண்ணைக் கண்ணாலேயே படியுங்கள். 15 இடம். முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். அந்தப் பானின் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணில் ஆறாவது இடம், யார் என்பதைச் சொல்லிவிடும். பி என்றால் தனி நபர், எஃப் என்றால் பார்ட்னர்ஷிப், சி என்றால் கம்பெனி, எச் என்றால் இந்துக் கூட்டுக் குடும்பம். ஆறாவது இடத்தில் பி இருந்தால் முடிவெடுப்பவர் ஓனர் ஒருவரே. எஃப் என்றால் பெரும்பாலும் அண்ணன் தம்பியோ, மாமன் மச்சானோ இருப்பார்கள், ஒருவர் உற்பத்தியையும் மற்றவர் பணத்தையும் பார்ப்பார். நீங்கள் பேசுவது எவரிடம் என்று தெரிந்து பேச வேண்டும்.

அடுத்து ஜிஎஸ்டி தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பக்கம். லாகின் தேவையில்லை. எண்ணைப் போட்டதும் பதிவான தேதி, தொழிலின் தன்மை, முகவரி, அவர்கள் கையாளும் பொருட்களின் எச்எஸ்என் எண்கள் (ஒவ்வொரு பொருளுக்கும் வரிக்கணக்கில் உள்ள வகை எண்) வரும். அதில் பார்க்க வேண்டியவை: 6109 டீ-ஷர்ட், பனியன். 6107 ஆண்கள் உள்ளாடை, 6108 பெண்கள் உள்ளாடை, நைட்டி. 6111 குழந்தை உடை. 6006 பின்னல் துணி, 5205 பஞ்சு நூல். 9988 என்று தொடங்கினால் அது பொருளே இல்லை, அடுத்தவர் சரக்கில் செய்யும் கூலி வேலை. 998821 துணி சார்ந்தது, 998822 ஆடை சார்ந்தது. 9988 மட்டும் இருந்தால் ஜாப் ஒர்க் யூனிட். 6109-ம் தொழிலின் தன்மையில் ஏற்றுமதியும் சேர்ந்திருந்தால் உங்களுக்கு வேண்டிய ஆள்.

அதே பக்கத்தில் ரிட்டர்ன் தாக்கல் விவரத்தையும் திறந்து பாருங்கள். மாதாமாதம் ஒழுங்காகப் போட்டுவந்த இடத்தில் கடைசி மூன்று நான்கு மாதம் தாமதம் தெரிந்தால் அங்கே பணம் இறுகியிருக்கலாம். அவரிடம் புதுச் செலவைப் பற்றிப் பேசும் வேளை அதுவல்ல.

சி எழுத்து வந்தால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கி மாஸ்டர் டேட்டா பாருங்கள். தொடங்கிய ஆண்டும் மூலதனமும் தெரியும். சார்ஜ் பட்டியலில் வங்கிக் கடன் எப்போது பதிவானது என்று இருக்கும். சமீபத்தில் புதிதாக ஒன்று ஏறியிருந்தால் கட்டடமோ மிஷினோ விரிவாக்கம் நடக்க வாய்ப்புண்டு. 100 ரூபாய் கட்டினால் அவர்கள் தாக்கல் செய்த நிதி அறிக்கையையே படிக்கலாம். சாதாரணப் பார்ட்னர்ஷிப்பும் தனி ஓனர் பெயரில் நடக்கும் தொழிலும் இங்கே கிடைக்காது.

பலரும் தவறவிடுவது கடன் தர அறிக்கைகளை. கிரிசில், இக்ரா, கேர், அக்யூட் போன்ற நிறுவனங்கள், வங்கிக் கடனுக்காகத் தரம் வாங்கிய கம்பெனிகளைப் பற்றி இரண்டு மூன்று பக்கம் எழுதித் தங்கள் தளத்திலேயே போடுகின்றன. எந்த நாட்டுக்கு விற்பனை, ஒரே பையரை எவ்வளவு நம்பியிருக்கிறார்கள், பணம் வர எத்தனை நாள் ஆகிறது, எல்லாம் அதில் இருக்கும். பெயரைப் போட்டுக் கூடவே ரேட்டிங் ரேஷனல் என்று தேடினாலே வந்துவிடும். கம்பெனி ஒத்துழைக்கவில்லை என்ற குறிப்போடு வந்த அறிக்கையை மட்டும் நம்ப வேண்டாம், பழைய விவரத்தை வைத்து எழுதியதாக இருக்கும்.

சறுக்குவது இரண்டு இடங்களில். ஒரே குடும்பம் நிட்டிங்குக்கு ஒரு பெயர், எக்ஸ்போர்ட்டுக்கு ஒரு பெயர் என்று வைத்திருக்கும், உங்கள் பட்டியலில் இருப்பது வேண்டாத பெயராக இருக்கலாம். முகவரியை வைத்துத் தேடினால் மற்றது கிடைக்கும். இன்னொன்று, எச்எஸ்என் பதிவு செய்த காலத்தில் கொடுத்ததாக இருக்கலாம், தொழில் அதற்குப் பிறகு மாறியிருக்கும்.

பார்த்ததையெல்லாம் போனில் ஒப்பிக்கவும் கூடாது. "மார்ச்சில் கடன் வாங்கியிருக்கீங்க போல" என்றால் அந்த ஆள் அப்போதே கதவைச் சாத்திவிடுவார். அது உங்கள் பட்டியலை வடிகட்ட மட்டுமே.

சென்னை_சேல்ஸ்

மிக்க நன்றி. 34-ல் 11 பேருக்கு 9988 மட்டும் வருகிறது, 5 பேர் துணி மட்டும். எக்ஸ்போர்ட் என்று தெரிகிற 14 பேரிடம் என்ன பேசுவது? "எஃபிஷியன்சி 15% கூடும்" என்று எங்கள் பிரசுரத்தில் இருக்கிறது, அதைச் சொல்லலாமா?

நிமிடக்கணக்கு

அந்த 15%-ஐ எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். எஃபிஷியன்சி யாருடைய பணம் என்பது சம்பள முறையைப் பொறுத்தது.

கணக்கு இதுதான். ஒரு பீஸ் தைக்க ஆகும் நிர்ணய நிமிடத்தை சாம் என்பார்கள். பீஸ் எண்ணிக்கையைச் சாமால் பெருக்கி, ஆட்களையும் வேலை நிமிடங்களையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் எஃபிஷியன்சி. 30 டைலர், எட்டு மணி நேரம் என்றால் 14,400 நிமிடம். சாம் 7 உள்ள டீ-ஷர்ட் 900 இறங்கினால் 6,300 நிமிட வேலை. 43.75% வரும். இதே லைன் 1,030 பீஸ் இறக்கினால் 50% தாண்டிவிடும்.

ஷிப்ட் சம்பளம் கொடுக்கும் யூனிட்டில் மீதி நிமிடங்கள் ஓனரின் நஷ்டம். அங்கே இந்தக் கணக்கு எடுபடும். பீஸ் ரேட் காண்ட்ராக்டில் ஓடும் யூனிட்டில் டைலர் சும்மா இருந்தால் டைலருக்குத்தான் கூலி போகிறது. ஓனருக்கு அங்கே வலி வேறு: டைலர் சொல்லும் எண்ணிக்கைக்கும் சூப்பர்வைசர் நோட்டுக்கும் உள்ள வித்தியாசம். காலரும் கையும் பாடியும் வெவ்வேறு ஆள் தைக்கும்போது ஒரே பண்டிலை இரண்டு பேர் கணக்கில் எழுதிவிடுவதும் நடக்கும்.

எந்த முறை என்று எப்படி அறிவது? கேட்டுக்கு வெளியே தொங்கும் போர்டைப் படியுங்கள். அந்த ஊரில் இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. "ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டைலர்கள் உடனடித் தேவை. பீஸ் ரேட். வேன் வசதி உண்டு" என்று எழுதியிருந்தால் ஒரே வரியில் மூன்று விஷயம் கிடைத்துவிட்டது: சம்பள முறை, மிஷின் வகை, ஆள் பற்றாக்குறை. தங்குமிடம் உண்டு என்றிருந்தால் வெளியூர், வெளிமாநில ஆட்கள் இருப்பார்கள். உங்கள் டேப்லெட் திரையில் இந்தியோ ஒடியாவோ வருமா என்ற கேள்வி வரும், பதிலோடு போங்கள். எலாஸ்டிக் டைலர் கேட்டால் உள்ளாடையாக இருக்கலாம், பிரஸ் பட்டன் ஆள் கேட்டால் குழந்தை உடையாக இருக்கலாம். நேரில் போக முடியாவிட்டால் வேலைவாய்ப்பு வாட்ஸ்அப், முகநூல் குழுக்களில் இதே போர்டுகள் போட்டோவாகச் சுற்றுகின்றன. ஒன்றைக் கவனியுங்கள், போர்டு தொங்குகிறது என்பதற்காக ஆர்டர் நிறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில கேட்டுகளில் வருஷம் முழுக்கத் தொங்கும்.

எக்ஸ்போர்ட் யூனிட் என்றால் இன்னொரு வழியும் உண்டு. பெரிய வெளிநாட்டு பிராண்டுகள் பல, தங்களுக்குத் தைக்கும் தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிடுகின்றன. பிரைமார்க் வரைபடத்தில் முகவரியோடு தொழிலாளர் எண்ணிக்கை, ஆண் பெண் விகிதம் வரை இருக்கும். ஓப்பன் சப்ளை ஹப் என்ற தளத்தில் பல பிராண்டுகளின் பட்டியல் ஒரே இடத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆர்கானிக் என்றால் காட்ஸ் (GOTS, ஆர்கானிக் துணிக்கான சர்வதேசச் சான்று) தளத்தில் பெயரைத் தேடுங்கள், எந்தெந்த வேலைகளுக்குச் சான்று என்றும் வரும், அதாவது சாயமும் தையலும் உள்ளேயே இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். தொழிலாளர் எண்ணிக்கையை அப்படியே 30-ஆல் வகுத்து "உங்களிடம் 10 லைன்" என்று சொல்லிவிடாதீர்கள். செக்கிங், அயர்ன், பேக்கிங், கைமடி (டைலருக்கு உதவும் ஆட்கள்) எல்லோரும் அந்த எண்ணில் அடக்கம்.

பேச வேண்டியது கட்-டு-ஷிப், அதாவது வெட்டியதில் எத்தனை பீஸ் ஏற்றுமதிக்குப் போனது என்ற கணக்கு. 5,000 பீஸ் வெட்டினார்கள், 4,850 பெட்டியில் ஏறியது. 3% எங்கே போனது? சாயக் கறையா, பிரிண்ட் டேமேஜா, தையல் டேமேஜா, கணக்கிலேயே விட்டுப்போனதா? டீ-ஷர்ட்டின் அடக்கத்தில் பாதிக்கு மேல் துணி. ஒரு பீஸுக்கு 200 கிராம், சாயம் போட்ட துணி கிலோ 400 ரூபாய் என்று வைத்தால், 150 பீஸில் 30 கிலோ, 12,000 ரூபாய்த் துணி. தையல் கூலி தனி. மாதம் இருபது ஸ்டைல் ஓடினால் ஓனர் மனதிலேயே பெருக்கிக்கொள்வார், நீங்கள் சதவீதம் சொல்லத் தேவையில்லை.

அவிநாசி_ரோடு

எப்போது கூப்பிடுவது என்று யாரும் சொல்லலைங்க, அதைச் சொல்லிடறேன்.

சனிக்கிழமை கூப்பிடவே கூடாதுங்க. திருப்பூரில் வாரச் சம்பளம், சனிக்கிழமை ஆபீஸ் முழுக்கக் கணக்கிலும் பணத்திலும்தான் இருக்கும். திங்கள் காலையில் எத்தனை ஆள் வந்திருக்காங்கன்னு பார்த்து லைன் பிரிச்சு உட்கார வைக்கிற நேரம். செவ்வாய், புதன், வியாழன் 11 மணிக்கு மேல் சரியா இருக்கும். 11, 20 தேதிகளை ஒட்டி அக்கவுண்டண்டைக் கூப்பிடாதீங்க, ஜிஎஸ்டி ரிட்டர்ன் நாள். தீபாவளிக்கு முன் ஒரு மாதம் போனஸும் சரக்கு முடிக்கிறதுமா ஓடும், பிறகு ஒரு வாரத்துக்கு மேல் ஊரே காலியா இருக்கும். பொங்கலுக்கும் அப்படித்தான். ஆடியிலும் மார்கழியிலும் புதுசா எதையும் தொடங்க மாட்டோம்கிற ஓனர்கள் இன்னும் இருக்காங்க. "ஆவணியில பார்க்கலாம்"னு சொன்னா அது மறுப்பில்லைங்க, தேதியைக் குறிச்சு வச்சு ஆவணியில் கூப்பிடுங்க.

மாதம் பிறந்ததும் மில்கள் ஓசரி (பின்னலாடை) நூல் விலை அறிவிக்கும். அன்றைக்குத் தினசரிகளில் திருப்பூர், கோவை பக்கத்தைப் படிச்சிட்டுத்தான் போனை எடுக்கணும். கிலோவுக்கு பத்து ரூபாய் ஏறிய அன்னிக்கு, பழைய விலையில் ஆர்டர் எடுத்தவர் எந்த மனநிலையில் இருப்பார்? அதே மாதிரி ஏற்றுமதி நாட்டுச் செய்தி. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா பெரும்பாலான இந்தியச் சரக்குக்குக் கூடுதல் வரியை 50% ஆக்கியது. அந்த வாரம் அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பின யூனிட்டுக்கும் ஐரோப்பா, இங்கிலாந்துக்கு அனுப்பற யூனிட்டுக்கும் ஒரே பேச்சுப் பேச முடியுமாங்க? எந்த நாட்டுக்கு அனுப்பறாங்கன்னு முன்னாடியே குறிச்சு வைக்கச் சொல்றது அதுக்குத்தான்.

சாயப்பட்டறை உள்ள குழுமம்னா கழிவுநீர் விஷயமும் தெரிஞ்சிருக்கணும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன, நொய்யல் ஆற்றில் சாயநீர் கலந்ததுக்காக. கழிவுநீரை வெளியே விடாம சுத்திகரிக்கிற பூஜ்ய வெளியேற்றச் செலவு இன்னைக்கும் அவங்க தலையில் இருக்கு. அதைப் பத்தித் தெரியாதவரா பேசினா வெளியூர்க்காரர்னு உடனே எடை போட்டுருவாங்க.

போனை முதலில் எடுக்கிறது ஆபீஸ் பொண்ணோ, ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசரோதான். எம்.டி.யைக் கேட்காதீங்க, "பேக்டரி மேனேஜர் எப்பங்க ப்ரீயா இருப்பார்?"னு கேளுங்க. அவர் கிடைச்சா பீஸ் ரேட் யூனிட்டுக்கு இப்படி ஆரம்பிக்கலாம்:

"வணக்கங்க. சனிக்கிழமை சம்பளம் போடறப்ப டைலர் சொல்ற பீஸும் நோட்டுல இருக்கற பீஸும் ஒத்து வராம எவ்வளவு நேரம் போகுதுங்க உங்க யூனிட்ல?"

கேட்டுட்டு நிறுத்திடுங்க. அவர் பேசட்டும். "எங்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை"ன்னு சொன்னா நம்புங்க, அடுத்து வெளி யூனிட்டில் இருந்து வர்ற பீஸைப் பத்திக் கேளுங்க.

பணம் பத்தி ஒண்ணு. உங்க கம்பெனிக்கு உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருக்கான்னு இன்னைக்கே ஆபீஸில் கேட்டு வச்சுக்கங்க. குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் சொல்ற கெடுவுக்குள் (அதிகபட்சம் 45 நாள்) பணம் தராம வருஷம் தாண்டினா அந்த வருஷம் செலவாகக் காட்ட முடியாதுன்னு 2023 நிதிச் சட்டத்தில் கொண்டுவந்த 43பி(எச்) பிரிவு வந்ததிலிருந்து ஆடிட்டர்கள் அதைத்தான் முதலில் கேட்கச் சொல்றாங்க. எக்ஸ்போர்ட்டருக்குத் தன்னோட பணம் வரவே 60, 90 நாள் ஆகும். மாதச் சந்தாவா வாங்க முடியுமான்னும் கேட்டு வைங்க.

சென்னை_சேல்ஸ்

ஒரே ஒரு சந்தேகம். அந்த 11 ஜாப் ஒர்க் யூனிட்டுகளையும் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாமா?

பேட்லாக்

எடுக்க வேண்டாம், கடைசிக்குத் தள்ளுங்க. அதிலும் 998821 வந்தவர்களை விட்டுவிடலாம், 998822 வந்தவர்கள்தான் தைக்கிற யூனிட். 20 மிஷின் வைத்திருக்கிற பவர் டேபிள்காரர் தன் காசில் சாப்ட்வேர் வாங்க மாட்டார். ஆனால் அவரிடம் துணி கொடுத்திருக்கிற எக்ஸ்போர்ட்டருக்கு, அங்கே இன்று எத்தனை பீஸ் இறங்கியது என்பது தெரியவே தெரியாது. சாயங்காலம் சூப்பர்வைசர் போன் போட்டுக் கேட்டு நோட்டில் எழுதுகிறார், அதுவும் பாதி நாள் "நாளைக்குச் சொல்றேன்" என்று வரும்.

அதனால் அந்த 14 எக்ஸ்போர்ட்டரிடமும் "வெளியே எத்தனை யூனிட்டில் தையல் ஓடுதுங்க?" என்று கட்டாயம் கேளுங்க. மூன்றுக்கு மேல் சொன்னால் டேப்லெட்டை அந்தப் பவர் டேபிளில் வைக்கிற மாதிரி, காசை எக்ஸ்போர்ட்டர் கொடுக்கிற மாதிரி ஒரு விலை வைத்துக்கொண்டு போங்க. இன்டர்நெட் இல்லாத நேரத்திலும் பதிவாகுமா, கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று உங்கள் டெக்னிக்கல் ஆட்களிடம் அதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்க. பவர் டேபிளில் முதல் கேள்வியே அதுதான்.